எல்லோருடைய செல்லிலும் நடக்கும் வெட்டு

அல்சைமர் நோயில் மூளையில் படிகிற அமிலாய்டு பீட்டா ஏதோ நோயாளிகளின் உடம்பில் மட்டும் சுரக்கும் விஷம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் மூளையிலும் இந்த நிமிடம் அது உண்டாகிறது, உங்கள் பிள்ளைகளின் மூளையிலும் உண்டாகிறது, ஆரோக்கியமான செல் அன்றாடம் செய்யும் வேலைகளில் அதுவும் ஒன்று. பரம்பரையாக வரும் மரபணுப் பிறழ்வு ஏற்கெனவே நடக்கும் அந்த வேலையின் கணக்கைத்தான் கொஞ்சம் மாற்றுகிறது, அந்தக் கொஞ்சம் முப்பது நாற்பது வருடம் ஒரு நாள் விடாமல் நடந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நாம் நோயாகப் பார்க்கிறோம்.

நான் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் வேலை பார்க்கிறேன். வீடு அல்சூரில், சுற்றிலும் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். என் வேலை என்னவென்று தெரிந்ததும் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, எனக்கும் வருமா? படிக்கட்டில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் செல்லுக்குள் போய்த்தான் ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு செல்லின் சவ்வில் ஏபிபி என்று ஒரு புரதம் செருகி நிற்கிறது. அதற்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. புரதத்தின் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு சின்ன வால் உள்ளே இருக்கும், இடையில் ஒரு பகுதி கொழுப்பாலான சவ்வுக்குள் புதைந்திருக்கும். செல் இதைச் செய்துகொண்டும் வெட்டிக்கொண்டும் இருக்கிறது. ஆல்ஃபா செக்ரடேஸ் என்ற நொதி வெட்டினால் வெட்டு அமிலாய்டு பீட்டா பகுதியின் நடுவிலேயே விழும், பிறகு அந்தத் துண்டு முழுதாக உருவாகவே வழியில்லை. பீட்டா செக்ரடேஸ் முந்திக்கொண்டால் வெட்டு அந்தப் பகுதியின் தொடக்கத்தில் விழுகிறது. மிச்சம் சவ்வில் நிற்கும் அடிக்கட்டையைக் காமா செக்ரடேஸ் எடுத்துக்கொள்கிறது. அது வெட்டி வெளியே விடுவதுதான் அமிலாய்டு பீட்டா.

காமா செக்ரடேஸைப் பற்றி நிறையச் சொல்லலாம், எனக்கு மிகவும் பிடித்த நொதி அது. நான்கு புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டு. அதில் உண்மையில் வெட்டுவது பிரெசெனிலின், அதன் இரண்டு ஆஸ்பார்ட்டிக் அமிலங்கள்தான் வேலை நடக்கும் இடம். புரதத்தை வெட்டத் தண்ணீர் வேண்டும், சவ்வோ கொழுப்பு, அந்தக் கொழுப்புக்குள்ளேயே தண்ணீருக்கு இடம் பண்ணிக்கொண்டு இது வெட்டுகிறது. அதுவும் ஒரே வெட்டில் முடிப்பதில்லை. முதல் வெட்டு உள் வாலுக்குப் பக்கத்தில், 48 அல்லது 49 அமினோ அமில நீளத்தில் விழுகிறது. பிறகு அங்கிருந்து பெரும்பாலும் மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வரும்: 49, 46, 43, 40. இன்னொரு வரிசை 48, 45, 42, 38. கரும்பை நுனியிலிருந்து துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டு வருகிறவர் பாதியிலேயே கையை எடுத்துவிட்டால் கையில் நிற்கும் கரும்பு நீளமாக இருக்குமல்லவா, அதுபோல நொதியின் பிடி சீக்கிரம் நழுவினால் வெளியே போகும் துண்டு நீளமாக இருக்கும். சாதாரணமாக அதிகம் வெளியேறுவது 40. கொஞ்சம்தான் 42.

இரண்டே இரண்டு அமினோ அமிலம்தான் கூடுதல், ஐசோலூசினும் அலனினும். ஆனால் இரண்டும் தண்ணீரை விரும்பாதவை. அதனால் 42 நீளத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், முதலில் சில துண்டுகள் சேர்ந்த சின்னக் கொத்தாக, பிறகு இழையாக, கடைசியில் மூளைத் திசுவில் நுண்ணோக்கியில் தெரியும் படிவாக. 1906இல் அலோயிஸ் அல்சைமர் ஆகுஸ்ட டேட்டர் என்ற பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னதில் ஒன்று இந்தப் படிவு, இன்னொன்று நரம்பு செல்லுக்குள் முறுக்கிக் கிடந்த டௌ புரதச் சிக்கல். டேட்டருக்கு நோய் தெரிந்தபோது வயது 51தான். இன்றைக்கு அந்த வயதைக் கேட்டால் நாங்கள் முதலில் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்றுதான் கேட்போம்.

சரி, பிறழ்வு எங்கே விழுகிறது என்று பார்ப்போம். 1986இல் இங்கிலாந்தில் கேரல் ஜென்னிங்ஸ் என்ற ஆசிரியை லண்டன் ஆய்வாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்பாவுக்கும், அப்பாவோடு பிறந்தவர்கள் பலருக்கும் ஐம்பதுகளிலேயே இந்த நோய் வந்திருக்கிறது, எங்கள் குடும்பத்தை ஆராய்ந்தால் ஏதாவது பயன் இருக்குமா என்று கேட்டு. அந்தக் குடும்பத்தின் ரத்தத்திலிருந்துதான் 1991இல் ஏபிபி மரபணுவில் முதல் அல்சைமர் பிறழ்வு கிடைத்தது. 717ஆம் இடத்தில் வாலினுக்குப் பதில் ஐசோலூசின். சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ள மரபுத்தொகுதியில் ஓர் எழுத்து. அந்த 717 எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம்: காமா செக்ரடேஸ் வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே. வெட்டு நகர்கிறது, 42இன் பங்கு கூடுகிறது. ஜென்னிங்ஸுக்கும் அதே நோய் வந்தது, 2024இல் இறந்தார். அந்தக் கடிதம் இல்லாமல் இந்தத் துறை எத்தனை வருடம் பின்தங்கியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு மனசு கனக்கிறது.

அப்புறம் வரிசையாகக் கிடைத்தன. 1992இல் ஸ்வீடன் குடும்பத்தில் கண்ட பிறழ்வு பீட்டா செக்ரடேஸ் வெட்டும் இடத்தில் இருந்தது, அங்கே மாறிய இரண்டு அமினோ அமிலங்களும் அந்த நொதிக்கு இன்னும் வாகாக அமைந்துவிட்டன, அதனால் 40, 42 எல்லாமே மொத்தமாகக் கூடின. ஆர்க்டிக் பிறழ்வு என்று பெயர் பெற்ற இன்னொன்று அமிலாய்டு பீட்டாவுக்கு உள்ளேயே இருக்கிறது, அங்கே துண்டுகள் ஒட்டும் வேகம்தான் மாறுகிறது. அந்தக் குடும்பத்தை ஆராய்ந்த வேலையிலிருந்துதான் பிற்பாடு லெக்கானெமாப் என்ற, அமிலாய்டை அகற்றும் மருந்து வந்தது. 2012இல் ஐஸ்லாந்தில் கண்டது இதற்கெல்லாம் நேர் எதிர்: ஏபிபியில் 673ஆம் இடத்தில் ஒரு மாற்றம், அதைச் சுமப்பவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு குறைவு, ஏனென்றால் பீட்டா வெட்டு சரியாக விழுவதில்லை, ஆய்வுக்கூடத்துச் செல்களில் அமிலாய்டு பீட்டா சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஒரே மரபணுவில் ஒரு மாற்றம் நோயைத் தருகிறது, இன்னொன்று காக்கிறது, இரண்டையும் இணைப்பது அந்த வெட்டு. அமிலாய்டு நோயின் வெறும் சாம்பல்தான் என்று வாதிடுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஐஸ்லாந்தைத்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்: 21ஆம் குரோமோசோம் மூன்று இருப்பதால் ஏபிபி மரபணுவும் மூன்று, நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் படிவு வந்துவிடுகிறது. அங்கே எழுத்துப் பிழை எதுவும் இல்லை, அளவு மட்டும்தான் கூடுதல்.

ஆனால் பரம்பரை அல்சைமரில் அதிகம் காணப்படுவது ஏபிபி பிறழ்வு இல்லை, பிரெசெனிலின் பிறழ்வு. 1995இல் 14ஆம் குரோமோசோமில் பிரெசெனிலின் 1, அதே வருடம் முதல் குரோமோசோமில் பிரெசெனிலின் 2 கண்டுபிடிக்கப்பட்டன. பிரெசெனிலின் 1இல் மட்டும் இதுவரை 300க்கு மேற்பட்ட பிறழ்வுகள் தெரிந்திருக்கின்றன, அவை புரதம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. இவ்வளவு வேறு வேறு இடங்களில் விழும் மாற்றங்கள் எப்படி ஒரே நோயைத் தருகின்றன? பலவற்றில் நொதியின் மொத்த வேலை கூடுவதே இல்லை, சொல்லப்போனால் குறைகிறது. அடிக்கட்டையைப் பிடித்திருக்கும் பிடிதான் தளர்கிறது. 49, 46, 43 என்று இறங்கி வருவதற்குள் துண்டு நழுவி வெளியே போய்விடுகிறது. நீளத் துண்டுகளின் விகிதம் உயர்கிறது. மொத்த அளவு குறைந்தாலும் 42க்கும் 40க்கும் உள்ள விகிதம் கெட்டுவிட்டால் போதும்.

எங்கள் வேலையில் இதைக் கண்ணால் பார்க்க முடியாது, அதுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம். ஒருவரின் ரத்தத்திலிருந்தோ தோலிலிருந்தோ எடுத்த செல்லைத் திருப்பிக் குருத்தணு நிலைக்கு, அதாவது எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து நரம்பு செல்லை வளர்க்கலாம். ஷின்யா யமனகா 2006இல் எலிச் செல்லிலும் அடுத்த வருடம் மனிதச் செல்லிலும் செய்து காட்டிய வழி. குருத்தணுவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, பண்டிகையும் கிடையாது, மீடியம் என்கிற ஊட்டத் திரவத்தை மாற்றியாக வேண்டும். ரோஜா நிற மீடியம் மஞ்சளாகத் திரும்பினால் செல் பசியில் இருக்கிறது, கழிவு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டால் செல்கள் மெல்லிய நார் விட்டு ஒன்றையொன்று தேடிப் போய்த் தொடும். பிறழ்வு உள்ள தட்டையும் இல்லாத தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள், எது எது என்று எவராலும் சொல்ல முடியாது. அதே நார், அதே செழிப்பு. மேலே இருக்கும் மீடியத்தைப் பிப்பெட்டில் எடுத்து, புரதத்தின் அளவைக் காட்டும் எலைசா சோதனை போட்டால்தான் 42இன் பங்கு கூடியிருப்பது எண்ணாக வந்து நிற்கும்.

உள்ளே சாயம் ஏற்றிப் பார்த்தால் இன்னும் ஒன்று தெரியும். இப்படிப்பட்ட நரம்பு செல்களில் எண்டோசோம்கள், அதாவது வெளியிலிருந்து வாங்கிய சரக்கைச் செல் முதலில் பிரித்து அனுப்பும் பைகள், வீங்கியிருப்பதைப் பல ஆய்வுக்கூடங்கள் கண்டிருக்கின்றன. பீட்டா வெட்டு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. காமாவுக்காகக் காத்திருக்கும் அடிக்கட்டைகள் தேங்கிப்போனால் அந்தப் பைகளின் போக்குவரத்து தடுமாறுகிறது, குப்பையைச் செரிக்கும் லைசோசோம் வரை அது பாதிக்கிறது. ஆக, வெளியே படிவு வருவதற்கு வெகு காலம் முன்பே செல்லுக்குள் ஒரு நெருக்கடி தொடங்கிவிடுகிறது. படிவை மட்டும் துடைத்து எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு என்பது என் கருத்து, காரணம் இதுதான்.

சரி, அந்த நொதியையே நிறுத்திவிட்டால்? செய்து பார்த்தார்கள். செமாகாசெஸ்டாட் என்ற மருந்து காமா செக்ரடேஸைத் தடுப்பது. 2010இல் பரிசோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, மருந்து வாங்கியவர்களின் நிலை வாங்காதவர்களைவிட மோசமானது, தோல் புற்றுநோயும் கூடியது. காமா செக்ரடேஸ் ஏபிபியை மட்டும் வெட்டுவதில்லை, நாட்ச் என்ற புரதத்தையும், இன்னும் பல புரதங்களையும் வெட்டுகிறது, செல் என்னவாக வளர வேண்டும் என்ற முடிவே அதில் அடங்கியிருக்கிறது. அன்றாட வேலையைச் செய்யும் ஒன்றை அணைத்துவிட முடியாது.

கொலம்பியாவில் மெடஜின் நகரைச் சுற்றி, அந்தியோக்கியா மாநிலத்தில் ஒரு பெரிய குடும்பக் கிளை இருக்கிறது, சுமார் ஆறாயிரம் பேர். பிரெசெனிலின் 1இல் 280ஆம் இடத்து மாற்றம் பலருக்கு உண்டு. இருப்பவர்களுக்கு நாற்பதுகளின் நடுவிலேயே ஞாபகம் குறையத் தொடங்கி, ஐம்பதை ஒட்டி டிமென்ஷியா. பிரான்சிஸ்கோ லொபேரா என்ற நரம்பியல் மருத்துவர் வாழ்நாள் முழுக்க அவர்களோடேயே இருந்து ஆராய்ந்தார், அவரும் 2024இல் காலமானார். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்மணிக்கு இதே பிறழ்வு இருந்தும் எழுபது தாண்டும் வரை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 2019இல் காரணம் வெளியானது: அபோ ஈ மரபணுவில் கிறைஸ்ட்சர்ச் என்ற அரிய மாற்றம் அவருக்கு இரண்டு பிரதியிலும் இருந்தது. மூளையில் அமிலாய்டு நிறையவே இருந்தது, ஆனால் டௌ பரவவில்லை. அமிலாய்டு தொடங்கி வைக்கிறது, டௌ பரவும்போதுதான் செல் சாகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது, அதை அடைக்க முடியும் என்று அந்த ஒரு மனுஷியின் மூளை காட்டிவிட்டது. டௌ புரதத்தின் மரபணுவிலேயே பிறழ்வு வந்தால் வருவது அல்சைமர் இல்லை, மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வேறு வகை டிமென்ஷியா, அங்கே அமிலாய்டு படிவு தேவைப்படுவதே இல்லை. எது முதலில், எது பின்னால் என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இப்போது அல்சூர் படிக்கட்டுக் கேள்விக்கு வருகிறேன். கீழ் வீட்டு அண்ணன் ஆன்லைனில் மரபணுச் சோதனைக்கு எச்சில் அனுப்பி, வந்த ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சிவப்புக் கட்டத்துக்குள் 'உயர் ஆபத்து' என்று இருந்தது, அபோ ஈ மரபணுவின் ஈ4 என்ற வகை ஒரு பிரதி.

"ஏம்மா, எனக்கு இன்னும் எத்தனை வருஷம்னு இதுல போட்டிருக்கா பாரு" என்றார்.

"அண்ணா, அம்மாவுக்கு எந்த வயசுல ஆரம்பிச்சது?"

"எழுபத்தெட்டு இருக்கும்."

"அவங்க கூடப் பொறந்தவங்க?"

"பெரியம்மா தொண்ணூறு வரைக்கும் சீட்டுக் கணக்கே மனசுல போட்டாங்களே."

அவருடைய ரிப்போர்ட்டுக்கும் மேலே சொன்ன குடும்பங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஏபிபி, பிரெசெனிலின் 1, பிரெசெனிலின் 2 ஆகிய மூன்றில் நோய் தரும் பிறழ்வு ஒரு பிரதியில் இருந்தாலே நோய் பெரும்பாலும் வந்தே தீரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, வருவதும் முப்பதிலிருந்து அறுபதுக்குள். ஆனால் உலகத்திலுள்ள அல்சைமர் நோயாளிகளில் இவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அபோ ஈ வேறு ரகம். அது பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் செய்து அனுப்பும் புரதம், கொலஸ்ட்ராலையும் கொழுப்பையும் நரம்பு செல்லுக்குச் சுமந்து செல்கிறது, அமிலாய்டு பீட்டாவை அப்புறப்படுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதன் வகைகளான ஈ3, ஈ4 இரண்டுக்கும் வித்தியாசம் 112ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம். ஈ4 இருந்தால் துப்புரவு மந்தமாகிறது, படிவு சில வருடம் முன்னதாகத் தொடங்குகிறது. ஒரு பிரதி இருந்தால் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் எட்டிலிருந்து பன்னிரண்டு மடங்கு என்பார்கள். ஈ4 உள்ள எத்தனையோ பேர் நோயே வராமல் வாழ்ந்து முடிக்கிறார்கள், ஈ4 இல்லாதவர்களுக்கும் நோய் வருகிறது. மைக்ரோக்ளியா என்ற மூளைக் காவல் செல்களில் உள்ள ட்ரெம்2 மரபணுவில் 2013இல் கண்ட மாற்றமும் இப்படித்தான், வாய்ப்பைக் கூட்டும், தீர்ப்பு எழுதாது.

அந்த மடங்குக் கணக்குகூட பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தது. டெல்லிக்குப் பக்கத்தில் பல்லப்கர் கிராமங்களில் செய்த ஆய்வில் ஈ4 இருப்பவர்களின் பங்கு அமெரிக்க ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாகவே இருந்தது. நம் ஊர்க்காரர்களின் கணக்கு நம் ஊரில்தான் எடுக்கப்பட வேண்டும். இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டத்து ஸ்ரீனிவாசபுரத்தில் ஆயிரக்கணக்கான கிராமவாசிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவருகிறது. பெங்களூரின் ஆய்வு நிறுவனங்களான நிம்ஹான்ஸும் என்சிபிஎஸ்ஸும் இன்ஸ்டெமும் சேர்ந்து 2016இலிருந்து, ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோயோ டிமென்ஷியாவோ இருக்கும் இந்தியக் குடும்பங்களின் ரத்தத்திலிருந்து குருத்தணு வரிசைகளை உருவாக்கிவருகின்றன. இந்த ஊரில் இருந்துகொண்டு இந்த வேலை பார்ப்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆலோசனை எதுவும் இல்லாமல் சிவப்புக் கட்டம் போட்டு ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுக்கும் ரிப்போர்ட்டின் மேல் எனக்குக் கோபம்தான். ஈ4 தெரிந்திருப்பதால் உருப்படியான பயன் ஒன்று உண்டு: 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கானெமாப் போன்ற மருந்துகளில் மூளை வீக்கமும் ரத்தக் கசிவும் ஈ4 இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு அதிகம், அதனால் மருந்து தொடங்கும் முன் ஈ4 உண்டா என்று பார்க்கச் சொல்கிறார்கள். அது நோய் வந்து மருத்துவர் முடிவு செய்யும் கட்டம்.

பரம்பரைப் பிறழ்வு உள்ள குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்த டயன் ஆய்வு 2012இல் சொன்னது: நோய் எதிர்பார்க்கப்படும் வயதுக்கு 25 வருடம் முன்பே முதுகுத்தண்டு நீரில் 42இன் அளவு குறையத் தொடங்கியது, 15 வருடம் முன்பே ஸ்கேனில் படிவு தெரிந்தது. 42 மூளையில் ஒட்டிக்கொள்வதால்தான் நீரில் குறைகிறது. மருந்து கொடுப்பதானால் அந்த இடைவெளியில்தான் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குடும்பங்களிலேயே பரிசோதனைகள் நடக்கின்றன. கொலம்பியாவில் கிரெனெசுமாப் 2022இல் தெளிவான பலன் தரவில்லை. வேறு மருந்துகளோடு முயற்சி தொடர்கிறது.

உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி இருந்தால் எச்சில் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து மூன்று தலைமுறையை எழுதுங்கள். யாருக்கு மறதி வந்தது என்பதைவிட எந்த வயதில் வந்தது என்பது முக்கியம். "வயசானதால புத்தி பிசகிப்போச்சு" என்று சொல்லி முடித்தவர்களையும், ஐம்பது வயதிலேயே "ஏதோ மாதிரி ஆகிவிட்டார்" என்று பேச்சை மாற்றியவர்களையும் சேர்த்து எழுதுங்கள், ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் போன் போட்டுக் கேளுங்கள். நம் குடும்பங்களில் அத்தை மகளையும் மாமன் மகனையும் கட்டுவது உண்டு என்பதால் யார் யாருக்கு என்ன உறவு என்பதையும் கோடு போட்டுக் காட்டுங்கள். அறுபதுக்கு முன்னால் ஆரம்பித்தவர்கள் இரண்டு மூன்று பேர், அதுவும் அடுத்தடுத்த தலைமுறையில் இருந்தால், அந்தத் தாளோடு நரம்பியல் மருத்துவரையும் மரபியல் ஆலோசகரையும் பாருங்கள். சோதனை செய்வதா வேண்டாமா என்பதை அவர்களோடு பேசி, பிள்ளைகள் வளர்ந்தவர்களாக இருந்தால் அவர்களையும் கேட்டு முடிவெடுங்கள். எழுபதுக்கு மேல் ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் காது கேட்பதையும் கவனிக்கும் மருத்துவரிடம் போங்கள். கீழ் வீட்டு அண்ணனிடமும் இதையேதான் சொன்னேன், பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்திருக்கிறார்.